நாலைந்து வருடமே பாடிய 'தி பீட்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிரிட்டிஷ் பாப் பற்றிப் பேச்சு வந்தால், 'தி பீட்' கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிடுவது என் வழக்கம். சொன்னதும் வரும் கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் வேலை மிச்சம்.

யார் இவர்கள்?

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துக் குழு. 1978-ல் சேர்ந்தார்கள், 1983-ல் கலைந்தார்கள். மொத்தம் மூன்றே ஆல்பங்கள். அதற்குள் பிரிட்டிஷ் தரவரிசையின் முதல் பத்து இடங்களுக்குள் ஐந்து பாடல்கள் போய்விட்டன. ஸ்கா தாளத்தில் கால் ஊன்றிக்கொண்டு பாப், பங்க் (வேகமான முரட்டு ராக்), ரெக்கே எல்லாவற்றையும் கலந்தவர்கள் என்று சொல்லலாம். "ஸ்கா குழு" என்று மட்டும் சொன்னால் முதல் ஆல்பத்துக்குப் பொருந்தும், மூன்றாவதற்குப் பொருந்தாது.

ஸ்கா என்றால் என்ன? ரெக்கேதானே அது?

ரெக்கேவுக்கு அண்ணன் முறை. 1950-களின் கடைசியில் ஜமைக்காவில் பிறந்தது. அது வேகம் குறைந்து ராக்ஸ்டெடி ஆனது. அதுவும் மாறி, 1968 வாக்கில் ரெக்கே வந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கைதட்டி எண்ணுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே ஒரு "உம்" சொல்லுங்கள்: ஒன்று-உம்-இரண்டு-உம். சாதாரண ராக் பாட்டில் கிட்டார் எண்ணோடு சேர்ந்து விழும். ஸ்காவில் அந்த "உம்"மில் வெட்டி விழும். காலுக்குத் தரையில் நிற்க இடமே கிடைக்காது, அதனால்தான் துள்ளல்.

ஜமைக்கா இசைக்கும் பர்மிங்காமுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் ஆள் பற்றாக்குறை. கரீபியன் தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு வந்தார்கள். 1948-ல் வந்த 'விண்ட்ரஷ்' கப்பல்தான் அதன் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. பர்மிங்காமில் தொழிற்சாலைகள் நிறைய என்பதால் பலர் அங்கே குடியேறினார்கள். ஹேண்ட்ஸ்வர்த் பகுதி அவர்களுடைய பேட்டை. இசைத்தட்டுகளும் கூடவே வந்தன.

அதே ஊரில்தான் 1968-ல் ஈனாக் பவல் என்ற எம்.பி. குடியேறிகளுக்கு எதிரான தன் பேர்போன உரையை நிகழ்த்தினார். அதே ஊர் மேடையில்தான் 1976-ல் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பவலை ஆதரித்துப் பேசினார். அதற்குப் பதிலாகக் கிளம்பியதே 'இனவெறிக்கு எதிராக ராக்' என்ற இயக்கம். தேசிய முன்னணி என்ற இனவெறிக் கட்சி தெருவில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த காலம் அது. வேலையும் இல்லை. பக்கத்துத் தெருவிலிருந்து வந்த யூபி40 குழுவின் பெயரே, வேலையில்லாதோர் பதிவு செய்யும் படிவத்தின் எண். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்றாலே அரசியல் என்ற சூழ்நிலை.

குழுவில் இருந்த ஆறு பேரும் எப்படிச் சேர்ந்தார்கள்?

இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். என்னைப் பொறுத்தவரை இந்தக் குழுவின் விசேஷமே இந்தச் சேர்க்கைதான்.

டேவ் வேக்லிங் பாட்டு, கிட்டார். ஆன்டி காக்ஸ் கிட்டார். இருவரும் பர்மிங்காமை விட்டுத் தெற்கே ஐல் ஆஃப் வைட் தீவுக்குப் போய், சோலார் பேனல் செய்யும் வேலையில் இருந்தார்கள். அங்கே உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துப் பிடித்த பேஸ் கிட்டார் ஆள்தான் டேவிட் ஸ்டீல். பங்க் பைத்தியம். மூவரும் பர்மிங்காம் திரும்பியதும் ஸ்டீல் ஒரு மனநல மருத்துவமனையில் செவிலியர் பயிற்சியில் சேர்ந்தார். அங்கே கூட வேலை பார்த்த ஒருவர் மூலம் டிரம்ஸ் வாசிக்கக் கிடைத்தவர் எவரெட் மார்ட்டன். செயின்ட் கிட்ஸ் தீவில் பிறந்தவர். பகலில் கெட்டில் செய்யும் தொழிற்சாலையில் வேலை.

அப்புறம் ரேங்கிங் ரோஜர். செயின்ட் லூசியாவிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளை. 1979-ல் அவருக்குப் பதினாறு வயது. தாளத்தின் மேல் பேச்சும் பாட்டுமாக ஓட்டும் 'டோஸ்டிங்' அவர் வேலை. ராப் இசைக்கு முன்னோடி என்று இந்த ஜமைக்கா வழக்கத்தைச் சொல்வார்கள். கடைசியாகச் சேர்ந்தவர் சாக்ஸா. இயற்பெயர் லயனல் மார்ட்டின். ஜமைக்காவில் 1930-ல் பிறந்தவர், பிரின்ஸ் பஸ்டர், டெஸ்மண்ட் டெக்கர் போன்ற அசல் ஸ்கா ஆட்களோடு சாக்ஸஃபோன் வாசித்தவர். குழுவில் சேரும்போது ஐம்பதை நெருங்கிவிட்டார்.

பாடும் பையனுக்குப் பதினாறு, பக்கத்தில் சாக்ஸஃபோன் ஊதுபவருக்கு ஐம்பது. அவர் இவர்களுடைய பழைய இசைத்தட்டுகளுக்குள் இருந்து எழுந்து வந்தவர் மாதிரி. 'ரெட்ரோ' பண்ணுகிறார்கள் என்று யாரும் கிண்டல் செய்ய முடியாதபடி, அசலே மேடையில் நின்றது.

வேக்லிங் ஒரு விஷயம் சொல்வார். நண்பர்கள் வீட்டு விருந்துகளில் பங்க் தட்டையே தொடர்ந்து போட்டால் கூட்டம் களைத்துவிடும். ரெக்கேயே போட்டால் சுவரில் சாய்ந்துவிடும். மாற்றி மாற்றிப் போட்டால் யாரும் உட்காருவதில்லை. சரி, இரண்டையும் ஒரே மூன்று நிமிடப் பாட்டுக்குள் வைத்தால் என்ன என்று தோன்றியதாம். ஸ்டீலின் பேஸ் பங்க் வேகத்தில் முன்னால் இழுக்கும், மார்ட்டனின் டிரம்ஸ் ரெக்கே கணக்கில் பின்னால் பிடிக்கும். அந்த இழுபறிதான் பாட்டு.

டூ டோன் குழுக்களில் ஒன்றா இது?

ஆமாம், ஒரே ஒரு தட்டுக்கு மட்டும். டூ டோன் என்பது 'தி ஸ்பெஷல்ஸ்' குழுவின் ஜெரி டாமர்ஸ் 1979-ல் கவென்ட்ரியில் தொடங்கிய நிறுவனம். கறுப்பு-வெள்ளைக் கட்டம்தான் அதன் அடையாளம். மேட்னஸ், தி செலக்டர் எல்லாம் அங்கே தொடங்கியவைதான். தி பீட்டின் முதல் பாட்டு 'டியர்ஸ் ஆஃப் எ கிளவுன்' அங்கிருந்துதான் வெளிவந்து 6-வது இடம் பிடித்தது. அது ஸ்மோக்கி ராபின்சனும் மிரக்கிள்ஸும் பாடிய பழைய பாட்டு. ஒத்திகையில் ஆறு பேருக்கும் தெரிந்த பாட்டு அதுதான் என்பதால் வாசித்துப் பழகியது.

அதற்குள் சொந்தப் பாட்டு கையில் இருந்தும் கொடுக்கவில்லை. கொடுத்தால் அதன் உரிமை சில வருடங்களுக்கு வெளியே போய்விடும் என்று கணக்குப் போட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான். பிறகு அரிஸ்டா நிறுவனத்தின் துணையோடு 'கோ ஃபீட்' என்று சொந்த லேபிள். ஜமைக்காவின் 'தி காங்கோஸ்' குழுவுடைய அருமையான ஆல்பத்தை அந்த லேபிளில் மறுவெளியீடு செய்ததற்காகவே இவர்களுக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

அமெரிக்காவில் வேறு பெயரா?

அங்கே 'தி பீட்' என்று ஏற்கெனவே ஒரு குழு இருந்தது. ஆகவே 'தி இங்கிலிஷ் பீட்'. ஆஸ்திரேலியாவில் 'தி பிரிட்டிஷ் பீட்'. எல்லாம் ஒரே ஆட்கள்தான்.

அட்டையில் ஆடிக்கொண்டிருக்கும் அந்தப் பெண் யார்?

குழுவின் சின்னம், 'பீட் கேர்ள்'. பர்மிங்காம் சித்திரக்கதை ஓவியர் ஹன்ட் எமர்சன் வரைந்தது. 1964-ல் பிரின்ஸ் பஸ்டரோடு பிரிஜிட் பாண்ட் என்ற பெண் நடனமாடும் புகைப்படத்திலிருந்து எடுத்த உருவம். டூ டோனின் சின்னம் கோட்டும் தொப்பியும் போட்ட ஓர் ஆண். இங்கே பெண். ஸ்கா கச்சேரி என்றாலே ஆண்கள் முண்டியடிக்கும் கூட்டம் என்றிருந்தபோது, பெண்களும் வாருங்கள் என்று அழைத்த படம் அது.

'மிரர் இன் த பாத்ரூம்' போதைப்பொருள் பற்றிய பாட்டா?

கண்ணாடி, கண்ணாடி மேஜை என்றெல்லாம் வருவதால் பலர் அப்படி நினைக்கிறார்கள். இல்லை. வேக்லிங் அப்போது கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், குளிர்காலம். முந்தின நாள் நனைந்த துணியைக் காயப்போட மறந்துவிட்டார். காலையில் குளியலறையில் நின்று அந்த ஈரத்துணியைப் பார்த்து வேலைக்குப் போவதா வேண்டாமா என்று கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தோடு பேச ஆரம்பித்தார். கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே இருப்பது நாம் இருவர்தான் என்று. அங்கிருந்து பிறந்தது பாட்டு. போகப்போக அந்த ஆள் தன்னையே பார்த்துக்கொண்டு சாப்பிட, கண்ணாடி மேஜை போட்ட உணவகம் தேடிப் போகிறார். 1980-ல் வெளிவந்தது. கைப்பேசியின் முன்பக்கக் கேமரா வர இன்னும் பல வருடம் இருந்தது.

இந்தப் பாட்டை ஒருமுறை ஹெட்ஃபோனில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். கூண்டில் நடை போடும் மிருகம் மாதிரி அது ஓரிடத்தில் நிற்காது. கிட்டார் சுரண்டல் போலச் சின்னச் சின்ன வெட்டு. வேக்லிங்கின் குரலில் பதற்றமே இல்லை, அதுதான் பயமுறுத்துகிறது. சாக்ஸா நுழைந்ததும் எல்லாம் மாறிவிடும். மற்ற எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, அவர் மட்டும் நாற்காலியில் சாய்ந்து ஊதுவது போல இருக்கும். பிரிட்டனில் 4-வது இடம். என் கணக்கில் அவர்களுடைய ஆகச் சிறந்த மூன்று நிமிடம்.

மார்கரெட் தாட்சரைத் திட்டிப் பாடியவர்கள் இவர்கள்தானே?

திட்டவில்லை என்பதுதான் அழகு. 'ஸ்டாண்ட் டவுன் மார்கரெட்', பதவியிலிருந்து இறங்குங்கள் மார்கரெட் என்று பெயர் சொல்லி அழைத்து, கூடவே ஒரு "தயவுசெய்து" போடுவார்கள். கோஷத்தை விட அந்தத் தயவு அதிகம் உறைக்கும். தாட்சர் பிரதமராகி ஒரு வருடம். 1980-லேயே வேலையில்லாதோர் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1982 தொடக்கத்தில் 30 லட்சம். பாட்டைத் தனித்தட்டாகப் போட்டபோது வந்த பணத்தை அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்துக்கும் அணுசக்தி எதிர்ப்பாளர்களுக்கும் கொடுத்தார்கள்.

ஆல்பத்தில் இந்தப் பாட்டு தனியாக வராது. பிரின்ஸ் பஸ்டரின் ஆட்டப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டே வந்து இதில் கலந்துவிடும். ஆடிக்கொண்டிருப்பவர் நடுவில் நிற்க மாட்டார். ஆடிக்கொண்டே பிரதமரை இறங்கச் சொல்லிக்கொண்டிருப்பார். தாட்சர் இறங்கியது 1990-ல், குழு கலைந்து ஏழு வருடம் கழித்து.

'சேவ் இட் ஃபார் லேட்டர்' பாட்டை கிட்டார்காரர்கள் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

ஒரு தவறினால். வேக்லிங் பதின்வயதில், குழுவே இல்லாதபோது எழுதிய பாட்டு இது. ஜான் மார்ட்டின் என்ற நாட்டுப்புறப் பாடகரின் சுருதி அமைப்பைத் தன் கிட்டாரில் கொண்டுவரப் பார்த்தார். அது டி-ஏ-டி-ஜி-ஏ-டி. இவர் ஒரு தந்தியைத் தப்பாக முறுக்கி டி-ஏ-டி-ஏ-ஏ-டி என்று வைத்துக்கொண்டார்.

நம் காதுக்கு இதைச் சொல்வது சுலபம். டி-யை ஷட்ஜம் என்று வைத்தால் ஏ பஞ்சமம். ஆறு தந்தியும் ச-ப-ச-ப-ப-ச. தம்புரா! ஒரு பாப் பாட்டின் அடியில் தம்புரா ஓடுகிறது. காந்தாரம் இல்லாததால் மேற்கத்திய காதுக்கு அது மகிழ்ச்சியான மேஜரா, சோகமான மைனரா என்று தீர்மானமாகாது. வளர்ந்து பெரியவனாகப் போகும் பையனின் பயத்தைச் சொல்லும் வரிகளுக்கு அது அவ்வளவு பொருத்தம்.

'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தாராம், கூடவே பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர் இருந்தாராம். "இந்தப் பாட்டை வாசித்துப் பார்க்கிறோம், பிடிபடவில்லை, என்ன சுருதி?" என்று கேட்டார்கள் என்பது வேக்லிங் அடிக்கடி சொல்லும் கதை. டவுன்ஷெண்ட் பிறகு இதை மேடையில் பாடினார். பேர்ல் ஜாம் குழுவின் எடி வெட்டர் 2024-ல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகப் பாடினார்.

வேடிக்கை என்னவென்றால், முதல் இரண்டு ஆல்பத்திலும் இதைச் சேர்க்க விடாமல் தடுத்தவர் அவர்களுடைய பேஸ் கலைஞர்தான். பழைய பாணி ராக் மாதிரி இருக்கிறதாம். 1982-ல் வெளிவந்தபோது பிரிட்டனில் 47-வது இடம்தான். இன்று அவர்கள் பெயரைச் சொன்னால் பாதிப்பேருக்கு நினைவு வருவது இது. தலைப்பில் ஒரு பச்சையான சிலேடையும் உண்டு, அதை நான் விளக்கப்போவதில்லை.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஏன் கலைந்தார்கள்?

இதற்குப் பெரிய சண்டைக் கதை எதுவும் கிடையாது. சுற்றுப்பயணம் மேல் சுற்றுப்பயணம். சாக்ஸாவின் உடம்பு தாங்காமல் அவர் ஊர் சுற்றுவதை நிறுத்தியிருந்தார். காக்ஸும் ஸ்டீலும் ஓய்வு கேட்டார்கள். அமெரிக்காவில் இப்போதுதான் கதவு திறக்கிறது, இப்போது போய் ஓய்வா என்பது மற்ற பக்கம். 1983 மே மாதம் கலிஃபோர்னியாவில் நடந்த பிரம்மாண்டமான 'அஸ் ஃபெஸ்டிவல்' மேடையில் வாசித்தார்கள். அதே சமயம் பிரிட்டனில், ஆன்டி வில்லியம்ஸின் பழைய பாட்டை இவர்கள் முதல் ஆல்பத்தில் பாடியிருந்த வடிவம், புதுக் கலவையாக வந்து 3-வது இடம் போனது. அவர்களுடைய ஆகப் பெரிய வெற்றி, பிரிகிற வருடத்தில், மூன்று வருடப் பழைய பாட்டில் வந்தது.

பிறகு என்ன ஆனார்கள்?

இரண்டாகப் பிரிந்தார்கள். வேக்லிங்கும் ரோஜரும் 'ஜெனரல் பப்ளிக்' தொடங்கினார்கள். 1984-ல் 'டெண்டர்னஸ்' பாட்டு அமெரிக்காவில் நன்றாக ஓடியது. காக்ஸும் ஸ்டீலும் ரோலண்ட் கிஃப்ட் என்ற பாடகரைப் பிடித்து 'ஃபைன் யங் கேனிபல்ஸ்' ஆனார்கள். 1989-ல் 'ஷீ டிரைவ்ஸ் மீ கிரேசி', 'குட் திங்' இரண்டும் அமெரிக்காவில் முதலிடம். ஓய்வு கேட்டவர்கள்தான் மற்றவர்களை விட மேலே போனார்கள்.

2003-ல் லண்டனில் மறுபடி சேர்ந்து ஒரு கச்சேரி நடத்தினார்கள், காக்ஸும் ஸ்டீலும் வரவில்லை. அதற்குப் பிறகு கலிஃபோர்னியாவில் வேக்லிங்கின் குழு ஒன்று, பிரிட்டனில் ரோஜரின் குழு ஒன்று என இரண்டு 'பீட்' ஓடின. சாக்ஸா 2017-ல் காலமானார். ரோஜர் 2019 மார்ச்சில், 56 வயதில். மார்ட்டன் 2021-ல். வேக்லிங் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்.

நாற்பது வருடம் தாண்டியும் ஏன் கேட்கிறார்கள்?

சினிமா ஒரு காரணம். 'ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்' படத்தின் முடிவில் பையன் அம்மா அப்பாவுக்கு முன்னால் வீடு சேர வேலி தாண்டி ஓடுகிறானே, அந்த ஓட்டத்துக்கு வருவது இவர்கள் இசைதான். பெயர் தெரியாமலேயே லட்சக்கணக்கானவர்கள் காதில் விழுந்துவிட்டது.

ஆனால் எனக்குத் தோன்றும் காரணம் வேறு. இவர்கள் பாட்டில் காலும் தலையும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை. கால் ஆடுகிறது, தலை கவலைப்படுகிறது. 'டூ நைஸ் டு டாக் டு' கேளுங்கள்: தாளம் கும்மாளம், வரிகளில் ஒருவன் நடன அரங்கில் பிடித்த பெண்ணிடம் பேச முடியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறான். வெறும் கும்மாளப் பாட்டு ஒரு கோடைக்காலத்தில் தீர்ந்துவிடும். வெறும் கவலையை மறுபடி போட யாருக்கும் மனம் வராது. இரண்டும் சேர்ந்தால் தீர்வதில்லை. சீக்கிரம் கலைந்ததும் உதவியது. மோசமான ஏழாவது ஆல்பம் என்று ஒன்றைப் போட அவர்களுக்கு நேரமே இல்லை.

எதிலிருந்து தொடங்குவது?

'ஐ ஜஸ்ட் கான்ட் ஸ்டாப் இட்' (1980). முதல் பாட்டே அந்தக் குளியலறைதான். பிடித்தால் அடுத்து நேராக மூன்றாவது, 'ஸ்பெஷல் பீட் சர்வீஸ்' (1982). இரண்டாவதான 'வாப்பன்?' (1981) கடைசியில். அது மெதுவானது, சோர்வானது, முதலில் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். இப்போது நான் அதிகம் போடுவது என்னவோ அதைத்தான், குறிப்பாக 'டோர்ஸ் ஆஃப் யுவர் ஹார்ட்'.

வரிகள் புரியவில்லையே?

ரோஜரின் பகுதியா? முதல் தடவை இங்கிலாந்துக்காரர்களுக்கே முழுதாகப் பிடிபட்டிருக்காது. எனக்கு இன்னும் பாதிதான். "உம்"மை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.